தோட்டத்துக்கு முன்னால் பதின்மூன்று ஆண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வந்த அன்றே எழுதியிருந்தால் ஆறுதலாக நாலு வரி எழுதி அனுப்பியிருப்பேன். அது உங்களுக்குப் போதாது என்று பட்டது. அகுஸ்தினாருடைய 'கன்ஃபெஷன்ஸ்' நூலை மறுபடி முதல் பக்கத்திலிருந்து எடுத்து, பதின்மூன்று பகுதிகளையும் படித்து முடித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களைப் போலவே மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும். அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆகஸ்டு 28, அகுஸ்தினார் திருநாள். நீங்கள் வேலை பார்க்கும் ஊரில் மாலைத் திருப்பலிக்குப் போயிருக்கிறீர்கள். மறையுரையில் அவர் கதை வந்தது. தறிகெட்டுத் திரிந்த இளைஞர், ஒரு நாள் தோட்டத்தில் குழந்தைக் குரல் கேட்கிறது, புத்தகத்தைத் திறக்கிறார், கண்ணில் பட்ட ஒரு வசனம் அவரைப் புனிதராக்கிவிடுகிறது. அன்றிரவு அறைக்குத் திரும்பி நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்தீர்கள். குறிப்பேடு நூலின் தலைமுறைப் பட்டியல் வந்தது. இன்னார் மகன் இன்னார், அவர் மகன் இன்னார். மூடிவைத்துவிட்டு அழுததாக எழுதியிருக்கிறீர்கள். 'அம்மா எனக்காக வாரம் தவறாமல் நவநாளுக்குப் போகிறார். எனக்கு மட்டும் அந்த நொடி ஏன் வரவில்லை?'

அந்த நொடிக்கு முன்னால் பதின்மூன்று ஆண்டுகள் இருக்கின்றன, தம்பி. மறையுரையில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. கடிதத்தில் இருக்கிறது.

முதலில் அந்த ஒரு நாளையே பார்ப்போம். 386ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மிலான் நகரம். அகுஸ்தினாருக்கு வயது 31. அரசுச் சம்பளம் வாங்கும் பேச்சுக்கலை ஆசிரியர். பேரரசர் முன்னிலையில் புகழுரை ஆற்றும் பொறுப்பும் அவருடையது. அன்று வீட்டுக்கு ஒருவர் வருகிறார். பெயர் பொந்திசியானுஸ், அவரும் ஆப்பிரிக்காக்காரர், அரண்மனை அதிகாரி. என்ன காரியமாக வந்தார் என்பதே நினைவில்லை என்று அகுஸ்தினார் எழுதுகிறார். அங்கே விளையாட்டு மேசைமேல் ஒரு புத்தகம் கிடக்கிறது. ஏதோ பாடப்புத்தகம் என்று வந்தவர் கையில் எடுத்துப் பார்க்கிறார். பவுலடியாரின் திருமுகங்கள்.

இந்த இடத்தில் நின்று பாருங்கள். அந்தப் புத்தகம் அங்கே ஏற்கெனவே இருந்தது. அகுஸ்தினார் அதைப் பல நாளாகப் படித்துக்கொண்டிருந்தார். பின்னால் தோட்டத்தில் அவர் திறந்ததும் அதே பவுலைத்தான். நீங்கள் அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்தது போன்றதல்ல அது. ஏற்கெனவே அவரோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்த புத்தகம்.

புத்தகத்தைக் கண்டதும் வந்தவர் மகிழ்ந்துபோய்ப் பேச ஆரம்பிக்கிறார். எகிப்தில் வாழ்ந்த வனத்து அந்தோணியாரைப் பற்றிப் பேச்சு போகிறது. (நம் ஊர்க் கோவில்களில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் பதுவை அந்தோணியாருக்கு இவர் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு முந்தியவர்.) அந்தோணியார் இளைஞராக இருந்தபோது ஒரு நாள் கோவிலுக்குள் நுழைகிறார். செல்வரான இளைஞரிடம் உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுத்துவிட்டு வரச்சொல்லும் நற்செய்திப் பகுதி அப்போது வாசிக்கப்படுகிறது. அதைத் தனக்கென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பொந்திசியானுஸ் இன்னொன்றும் சொல்கிறார். திரீர் நகரில் அரசு அதிகாரிகள் இருவர் நடந்துபோகையில் ஒரு குடிசைக்குள் நுழைந்து, அங்கே கிடந்த அந்தோணியாரின் வரலாற்றைப் படித்துவிட்டு, அந்த இடத்திலேயே வேலையை உதறிவிட்டார்களாம்.

விருந்தாளி வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். தான் என்ன செய்துவிட்டுப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் போன பிறகுதான் அகுஸ்தினார் தோட்டத்துக்குள் போகிறார், அழுகிறார், பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துப் படி என்று பாட்டுப் போல ஒரு குழந்தைக் குரல் கேட்கிறது. அந்தக் குரலைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள அவருக்கு எப்படித் தோன்றியது? சற்று முன்புதான் அந்தோணியார் கதையைக் கேட்டிருந்தார். காதில் விழுவதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம் என்பதை அந்தக் கதைதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. இதை அவரே மறைக்காமல் எழுதுகிறார்.

இனி பின்னால் போகலாம்.

354ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்றைய அல்ஜீரியாவின் சூக் அஹ்ராஸ். தந்தை பத்ரிசியுஸ் சிறு நிலக்காரர், ஊர்மன்றப் பொறுப்புள்ளவர், கிறிஸ்தவர் அல்லர். இறப்பதற்குச் சற்று முன்புதான் திருமுழுக்குப் பெற்றார். தாய் மோனிக்கா. மகனை மேலே படிக்கவைக்கக் கையில் பணமில்லாமல் ஒரு வருடம் வீட்டில் இருத்தினார்கள். சும்மா இருந்த அந்தப் பதினாறு வயதில்தான் கூட்டாளிகளோடு பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியது. ஊர்ப் பிரமுகர் ரோமானியானுஸ் கைகொடுத்ததால் கார்த்தேஜுக்குப் படிக்கப் போனார்.

அங்கே 373ஆம் ஆண்டு, பாடத்திட்டத்தின் வரிசையில் ஒரு புத்தகம் அவர் கைக்கு வருகிறது: சிசரோ எழுதிய 'ஹோர்ட்டென்சியுஸ்'. மெய்யறிவைத் தேடத் தூண்டும் உரையாடல். எழுதியவர் இயேசு பிறப்பதற்கு முன்பே இறந்துபோன உரோமை வழக்கறிஞர், அரசியல்வாதி. மொழிநடைக்காகப் படிக்க எடுத்தவருக்கு நடை மறந்துபோய் விஷயம் பற்றிக்கொண்டது. வேலையும் புகழும் சப்பென்று ஆகிவிட்டன என்கிறார். அந்தப் புத்தகம் இன்று முழுமையாக இல்லை, தொலைந்துவிட்டது. ஆங்காங்கே மிஞ்சியிருக்கும் துண்டுகளில் கணிசமானவை அகுஸ்தினார் எடுத்தாண்டதால் பிழைத்தவை. அவரைத் தட்டி எழுப்பிய புத்தகத்தை அவர்தான் மிச்சம் வைத்திருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. பதின்மூன்று ஆண்டு என்றேனே, கணக்கு இங்கே தொடங்குகிறது.

அந்தச் சூட்டோடு விவிலியத்தையும் எடுத்துப் பார்த்தார். பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு கரடுமுரடாக இருந்தது. சிசரோவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது என்ன எழுத்து என்று மூடிவிட்டார். ஆக, அவரும் ஒருமுறை மூடிவைத்தவர்தான், தம்பி.

பிறகு ஒன்பது ஆண்டுகள் மானிக்கேயர் கூட்டத்தில் இருந்தார். மூன்றாம் நூற்றாண்டில் மெசபொத்தேமியாவில் மானி என்பவர் நிறுவிய சமயம் அது. ஒளி ஒரு பக்கம், இருள் ஒரு பக்கம், இரண்டும் ஆதியிலிருந்தே போரிடுகின்றன. மனிதனுக்குள் ஒளித்துகள்கள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன என்பது அதன் சாரம். இதை முட்டாள்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். நல்ல கடவுள் படைத்த உலகத்தில் தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அகுஸ்தினாரை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேராகப் பதில் சொன்னவர்கள் இவர்கள்தாம். தப்பு செய்வது நான் இல்லை, எனக்குள் இருக்கும் வேறொரு இயல்பு என்று எண்ணிக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது. அந்த வசதியைப் பின்னால் அவர் ஈவிரக்கமில்லாமல் தோலுரித்துக் காட்டுகிறார்.

இந்த ஆண்டுகளில் நடந்த ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். தகாஸ்தேயில் ஆசிரியராக இருந்தபோது அவருக்கு உயிருக்குயிரான ஒரு நண்பர் இருந்தார். பெயர் சொல்லவில்லை. கூடப் படித்தவர், அகுஸ்தினார்தான் அவரைக் கிறிஸ்தவத்திலிருந்து மானிக்கேயம் பக்கம் இழுத்தவர். நண்பருக்குக் கடும் காய்ச்சல். நினைவு தப்பிக் கிடந்தவருக்கு வீட்டார் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் அகுஸ்தினார் அதைக் கேலி பேசினார், நண்பரும் சேர்ந்து சிரிப்பார் என்று நம்பி. நண்பர் ஒரு பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் நண்பனாக இருக்கவேண்டுமானால் இப்படிப் பேசாதே என்று கண்டித்துவிட்டார். உடம்பு தேறட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அகுஸ்தினார் காத்திருந்தார். சில நாளில் காய்ச்சல் திரும்பியது, நண்பர் போய்விட்டார். அந்த நேரத்தில் இவர் பக்கத்தில்கூட இல்லை.

அதற்குப் பிறகு சொந்த ஊரில் அவரால் இருக்க முடியவில்லை. எங்கே திரும்பினாலும் நண்பர் நடந்த தெரு, உட்கார்ந்த இடம். தன் உயிரில் பாதி போய்விட்டது போலவும், மிச்சப் பாதியைச் சுமக்கப் பயமாகவும் இருந்தது. ஊரை விட்டுக் கார்த்தேஜுக்கு ஓடினார். பேச்சையே தொழிலாகக் கொண்டவர் சாவுக்கு முன்னால் வாயடைத்துப்போனது அப்போதுதான். சிறு வயதில் பாடப்புத்தகத்தில் தீதோ என்ற அரசி மாண்ட கதையைப் படித்து அழுதவர், இப்போது தன் சொந்தத் துயரத்துக்கு அழுதார். மானியின் ஒளியும் இருளும் அந்த அழுகைக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

மானிக்கேயரில் பெரிய அறிஞர் என்று பேர்பெற்றவர் ஃபாவுஸ்துஸ். அவர் வந்தால் எல்லாச் சந்தேகமும் தீரும் என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அகுஸ்தினாருடைய சந்தேகம் வானியல் பற்றியது. கிரகணங்களை நாள், நேரம் தவறாமல் முன்கூட்டியே சொல்லும் வானியலாளர்களின் கணக்கும், சூரிய சந்திரரைப் பற்றி மானி எழுதியதும் ஒத்துப்போகவில்லை. ஃபாவுஸ்துஸ் ஒருவழியாக வந்தார். இனிமையாகப் பேசினார். கேள்வியை வைத்தபோது, இது எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை அகுஸ்தினாருக்குப் பிடித்தது, ஆனால் மானிமேல் இருந்த நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது. ஒரு மனிதர் தனக்குத் தெரியாது என்று சொன்னதால் இன்னொருவர் விடுதலையானார். பிற்காலத்தில் ஃபாவுஸ்துஸை மறுத்துப் பெரிய நூலே எழுதினார் என்றாலும், இந்த நேர்மைக்கான மதிப்பை அவர் குறைத்துக்கொள்ளவில்லை.

383இல் உரோமைக்குக் கப்பல் ஏறினார், தாயிடம் பொய் சொல்லிவிட்டு. துறைமுகத்தில் ஒரு நண்பரை வழியனுப்ப வந்ததாகச் சொல்லி, மோனிக்காவைப் பக்கத்தில் இருந்த புனித சிப்ரியானின் நினைவுக் கோவிலில் இரவு தங்கவைத்தார். விடிந்தபோது கப்பல் போய்விட்டது. மகன் போகக்கூடாது என்று அந்தத் தாய் இரவெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வேண்டுதல் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டிருந்தால் அகுஸ்தினார் மிலானுக்குப் போயிருக்கமாட்டார். உங்கள் அம்மாவின் நவநாளைப் பற்றிப் படித்தபோது இந்த இரவுதான் என் நினைவுக்கு வந்தது.

உரோமையில் மாணவர்கள் சம்பளம் கொடுக்கும் நாள் நெருங்கும்போது கூட்டமாக வேறு ஆசிரியரிடம் மாறிவிடுவார்களாம். அதில் வெறுத்துப்போயிருந்த நேரத்தில் மிலானில் ஆசிரியர் பதவி காலியானது. தேர்ந்தெடுத்து அனுப்பியவர் நகரத் தலைவர் சிம்மாக்குஸ், பழைய உரோமைத் தெய்வங்களை வணங்கிய செனட்டர். அதே 384ஆம் ஆண்டில் செனட் அவையின் வெற்றித் தேவதைப் பீடத்தைத் திரும்ப வைக்கக் கேட்டு அவர் பேரரசருக்கு விண்ணப்பித்தார். அதை முன்நின்று எதிர்த்தவர் மிலான் ஆயர் அம்புரோஸ். எதிர்த்தவருடைய ஊருக்கே அகுஸ்தினாரை அனுப்பிவைத்தவர் சிம்மாக்குஸ்தான்.

அம்புரோஸ் முன்பு மாநில ஆளுநராக இருந்தவர். அவருடைய மறையுரைக்கு அகுஸ்தினார் போனது பேச்சு எப்படி என்று எடைபோட. சக தொழில்காரரின் பார்வை. சொல்லழகைக் கேட்கப் போனவருக்குள் பொருளும் மெல்ல இறங்கியது. பழைய ஏற்பாட்டை மானிக்கேயர் எள்ளி நகையாடுவார்கள். கடவுளுக்குக் கையும் காலுமா, முற்பிதாக்களின் நடத்தை இப்படியா என்பார்கள். அதே பகுதிகளை அம்புரோஸ் உட்பொருள் விளக்கித் திறந்து காட்டினார். எழுத்துக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது என்பது அகுஸ்தினாருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தன் சிக்கலையெல்லாம் அம்புரோஸிடம் தனியாகக் கொட்டவேண்டும் என்று போவார். ஆயருடைய அறைக்கு யாரும் போகலாம், தடையில்லை. போனால் அவர் வாசித்துக்கொண்டிருப்பார், உதடு அசையாமல், சத்தமில்லாமல். அகுஸ்தினார் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பார். தொந்தரவு செய்ய மனமில்லாமல் எழுந்து வந்துவிடுவார். இப்படிப் பலமுறை. கேட்கப் போன கேள்வி கேட்கப்படவே இல்லை. பின்னாளில் என்ன படிக்கலாம் என்று கேட்டதற்கு அம்புரோஸ் எசாயாவைப் படிக்கச் சொன்னார். படித்தார், தொடக்கமே புரியவில்லை, ஒதுக்கிவைத்துவிட்டார். அம்புரோஸின் கடிதங்கள் நிறையவே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அகுஸ்தினாரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

இனி சொல்லப்போவது எனக்கு வலிக்கிற பகுதி. கார்த்தேஜ் நாட்களிலிருந்து அகுஸ்தினாரோடு ஒரு பெண் வாழ்ந்துவந்தார். சட்டப்படியான மனைவி அல்லர். ஆனால் பத்தாண்டுக்கு மேல் அவர் ஒருவருக்கே உண்மையாக இருந்ததாக அகுஸ்தினாரே சொல்கிறார். அவர்களுக்கு ஒரு மகன், அதேயோதாத்துஸ், கடவுள் கொடுத்தவன் என்று பொருள். மிலானில் பதவி உயர உயர, வசதியான குடும்பத்தில் பெண் பார்த்தார்கள். மோனிக்காவும் அதில் முனைப்பாக இருந்தார். பார்த்த பெண்ணுக்குத் திருமண வயது வர இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. கூட வாழ்ந்த பெண்ணை ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகனைத் தகப்பனிடம் விட்டுவிட்டு, இனி வேறு ஆணைத் தேடமாட்டேன் என்று வாக்களித்துவிட்டு அந்தப் பெண் போனார். தன் நெஞ்சு பிய்ந்து குருதி வழிந்ததாக அகுஸ்தினார் எழுதுகிறார். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகூடக் காத்திருக்க முடியாமல் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். அதையும் அவரே எழுதுகிறார்.

அந்தப் பெண்ணின் பெயரை நூலில் எங்கும் சொல்லவில்லை. அவரைக் காப்பதற்காகவே மறைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் அகுஸ்தினாரை மாற்றியவர்களின் வரிசையில் அவருக்கும் ஒரு நாற்காலி போடவேண்டும் என்பது என் துணிவு. வாழ்நாள் முழுவதற்குமான ஒரு வாக்கை அவரால் கொடுக்க முடிந்தது. அகுஸ்தினாரால் இரண்டு ஆண்டு முடியவில்லை. விரும்புவதைச் செய்ய மனிதனுக்குத் தன் பலம் மட்டும் போதாது என்று பிற்காலத்தில், மனித முயற்சியின் பலத்தை வலியுறுத்திய பெலாஜியுஸோடு வாதாடினாரே, அந்த அறிவு அவருக்குப் புத்தகத்தில் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை.

மிலானில் அவர் கைக்கு வந்த பிளேட்டோவியலாளர்களின் நூல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். புளோட்டினுஸ் வழிவந்த சிந்தனை, மாரியுஸ் விக்டோரினுஸ் லத்தீனில் மொழிபெயர்த்தது. தீமை என்பது தனியாக ஒரு பொருள் அல்ல, நன்மையின் குறைவு, ஒளி இல்லாத இடம் போல என்ற எண்ணம் அங்கிருந்து உறுதிப்பட்டது. மானிக்கேயக் கேள்வி அதோடு அவிழ்ந்தது. அறிவுக்கு இனித் தடையில்லை. ஆனாலும் கால் நகரவில்லை. அறிவு சம்மதித்த பிறகும் மனம் நகராமல் நிற்கும் இந்த நிலையை அவரைப்போல எழுதியவர் அரிது. நீங்கள் இப்போது நிற்கும் இடம் இதுதான் என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கம் எனக்குச் சொல்கிறது.

அப்போதுதான் சிம்பிளிசியானுஸ் என்ற முதிய குருவிடம் போகிறார். நான் பிளேட்டோ நூல்களைப் படித்தேன் என்றதும் அவர் அதே மொழிபெயர்ப்பாளர் விக்டோரினுஸின் கதையைச் சொல்கிறார். உரோமையில் உயிரோடிருக்கும்போதே பொதுவிடத்தில் சிலை வைக்கப்பட்ட பேராசிரியர் அவர். விவிலியத்தைப் படித்துவிட்டு, நான் மனத்தளவில் கிறிஸ்தவன்தான் என்று தனியாகச் சொல்வாராம். கோவிலுக்குள் பார்த்தால்தான் நம்புவேன் என்பார் சிம்பிளிசியானுஸ். அப்படியானால் சுவர்கள்தாம் கிறிஸ்தவனை உண்டாக்குகின்றனவா என்று இவர் கேட்பார். பெரிய மனிதர்கள் பழிப்பார்களே என்ற பயம். ஒரு நாள் தானாகவே வந்து, வாருங்கள் கோவிலுக்கு என்றார். தனியறையில் நம்பிக்கை அறிக்கை சொல்ல அனுமதி இருந்தும், எல்லார் முன்னாலும் மேடையேறிச் சொன்னார்.

இதற்குப் பிறகுதான் பொந்திசியானுஸ் வந்தார். மேசைமேல் பவுல் இருந்தார். இனித் தோட்டத்துக்குப் போங்கள், தம்பி. அங்கே விழுந்து அழும் அந்த ஒரு மனிதருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தோட்டத்தில் இன்னொருவரும் இருந்ததை மறையுரைகள் மறந்துவிடுகின்றன. அலிப்பியுஸ், சின்ன வயதிலிருந்தே கூட இருந்தவர். களியாட்டத்தையும் காமத்தையும் விட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் உரோமையர் திருமுக வரிகள் அகுஸ்தினாருக்குக் கிடைத்தன. அலிப்பியுஸ் அந்தப் பக்கத்தை வாங்கி அடுத்த வரியைப் பார்த்தார். நம்பிக்கையில் வலுவற்றவரை ஏற்றுக்கொள்ளச் சொல்லும் வரி. இது எனக்கு என்றார். அழவில்லை, பதறவில்லை. அவருக்கு எந்தக் குரலும் கேட்டதாகச் சொல்லப்படவில்லை. நண்பர் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்த இடத்திலேயே காத்திருந்தார், அவ்வளவுதான். பின்னாளில் தகாஸ்தேயின் ஆயரானார்.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? அகுஸ்தினார் வகுப்புக்குப் போனார். திராட்சை அறுவடை விடுமுறைக்கு இன்னும் இருபது நாள் போல இருந்தது. நடுவில் விட்டால் ஊர் பேசும் என்று பொறுத்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் வேலையை விட்டார். பிறகு நண்பர் ஒருவரின் காசிசியாக்கும் பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் தங்கி உரையாடல் நூல்கள் எழுதினார். அந்த நூல்களில் தோட்டத்துக் குரலைப் பற்றிப் பேச்சே இல்லை. பத்தாண்டுக்கும் மேல் கழித்து, ஆயரான பிறகு திரும்பிப் பார்த்தபோதுதான் அந்த மாலை இவ்வளவு பெரிதாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடந்த அன்றைக்கு அது பல நாட்களில் ஒன்றாகவும் இருந்திருக்கலாம்.

அந்தப் பண்ணை வீட்டில்தான் மோனிக்காவின் வேறு முகம் தெரிகிறது. எங்கள் பங்கில் ஆகஸ்டு 27 அன்று தாய்மாருக்கென்று திருப்பலி இருக்கும். மோனிக்கா என்றால் கண்ணீர் என்றே கேட்டு வளர்ந்தேன். 386 நவம்பர் 13, அகுஸ்தினாரின் 32ஆம் பிறந்தநாள். எளிய விருந்துக்குப் பிறகு, எது இன்பமான வாழ்வு என்று எல்லாரும் விவாதிக்கிறார்கள். விரும்பியது கிடைத்தால் மட்டும் இன்பமா என்ற கேள்விக்கு, விரும்பியது நல்லதாக இருந்தால் இன்பம், கெட்டதாக இருந்தால் கிடைத்தாலும் துன்பந்தான் என்ற பொருளில் மோனிக்கா பதில் சொல்கிறார். மகன் அசந்துபோகிறார், சிசரோவின் நூலில் இருக்கும் அதே கருத்து. அழுதுகொண்டிருந்தவர் மட்டும் அல்லர் அந்த அம்மா, தெளிவாகச் சிந்தித்தவரும்கூட.

387 பாஸ்கா திருவிழிப்பில் அகுஸ்தினார், மகன் அதேயோதாத்துஸ், அலிப்பியுஸ் மூவருக்கும் அம்புரோஸ் திருமுழுக்குக் கொடுத்தார். அந்தத் திருமுழுக்குத் தொட்டியின் எச்சங்கள் இன்றும் மிலான் பேராலயத்துக்கு அடியில் இருக்கின்றன. அதே ஆண்டு ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா காய்ச்சலில் இறந்தார். அது அவருடைய ஐம்பத்தாறாம் வயது.

என் அம்மா போன ஆண்டில் இந்தப் பக்கங்களை நான் முதல்முறை ஒழுங்காகப் படித்தேன். அடக்கத்தின்போது அகுஸ்தினார் அழவில்லை. அழுத மகனையும் அடக்கினார்கள். குளித்தால் துக்கம் போகும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கப் போனார், போகவில்லை. தூங்கி எழுந்தார். படுக்கையில் தனியாகக் கிடந்தபோது அம்புரோஸ் எழுதிய மாலைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அழுகை வந்தது. பேச நேரம் இல்லாதிருந்த அந்த அம்புரோஸ்தான் இங்கேயும் வந்து நிற்கிறார், ஒரு பாட்டாக. 1945இல் ஓஸ்தியாவில் தேவாலயத்தை ஒட்டி விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள் ஒரு கல் துண்டைக் கண்டெடுத்தார்கள். மோனிக்காவின் கல்லறை எழுத்தின் ஒரு பகுதி அது.

ஆப்பிரிக்கா திரும்பிய பின் மகனோடு பேசியதை வைத்து 'ஆசிரியர்' என்று ஒரு நூல் எழுதினார். வெளியிலிருந்து வரும் சொல் எதையும் கற்றுத் தருவதில்லை, சுட்டிக் காட்டத்தான் முடியும்; உள்ளே இருக்கும் ஆசிரியரே உண்மையைத் தெரியவைக்கிறார் என்று அதில் தகப்பனும் மகனும் வந்து சேர்கிறார்கள். அதில் மகன் பேசுவதெல்லாம் பதினாறு வயதில் அவனே சொன்னது என்று அகுஸ்தினார் பெருமையோடு குறிக்கிறார். சீக்கிரமே அந்தப் பையனும் இறந்துபோனான். நான் இத்தனை பேரை வரிசையாகச் சொன்னேன். அவர்கள் எல்லாரும் சுட்டிக் காட்டினார்கள் என்றே அகுஸ்தினார் சொல்வார். உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்கும் கடவுளுக்கும் இடையில் உள்ளது. அதை நான் விளக்க வரவில்லை.

391இல் ஹிப்போ நகரத்துக்குப் போன இடத்தில் மக்கள் அவரைப் பிடித்து நிறுத்திக் குருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் ஆயர். பிறகு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டு வழக்குத் தீர்ப்பது, மறையுரை, கடிதம், வாதம். ஆப்பிரிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்தியரைத் திரும்பச் சேர்க்கக் கட்டாயம் கூடாது என்று தொடங்கியவர், பின்னர் அரசு அதிகாரத்தின் கட்டாயத்தை ஏற்று, வற்புறுத்தி உள்ளே அழைத்துவரச் சொல்லும் நற்செய்தியின் விருந்து உவமையை அதற்குச் சான்றாகக் காட்டினார். பிற்காலத்தில் பலர் அந்தச் சான்றைக் கையில் எடுத்தார்கள். கிரகணத்தைப் பற்றித் தெரியாது என்று ஒருவர் சொல்லக் கேட்டு விடுபட்டவர், ஆயரின் அமைதியான வாசிப்பைப் பார்த்து இளகியவர், எப்படி இதற்குச் சம்மதித்தார்? எனக்கு ஆற்றமாட்டாத வருத்தம் இது. தோட்டத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

'கன்ஃபெஷன்ஸ்' என்ற பெயரைப் பற்றி ஒன்று. லத்தீனில் அந்தச் சொல் பாவத்தை ஒப்புக்கொள்வதையும் குறிக்கும், நம்பிக்கையை வாய்விட்டுச் சொல்வதையும் குறிக்கும். நம் தமிழிலும் அப்படித்தான். பாவ அறிக்கை என்கிறோம், நம்பிக்கை அறிக்கை என்கிறோம், ஒரே சொல். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் இரண்டும் இருந்தன.

430ஆம் ஆண்டு கோடையில் வாண்டல் படைகள் ஹிப்போவைச் சூழ்ந்து நின்றன. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அகுஸ்தினார் காய்ச்சலில் படுத்தார். வயது 75. தோட்டத்து மாலை கழிந்து நாற்பத்து நாலு ஆண்டு. கூட இருந்த போசிதியுஸ் எழுதிவைத்திருக்கிறார்: மனந்திரும்புதலைப் பாடும் தாவீதின் திருப்பாடல்களை எழுதச் சொல்லி, படுக்கைக்கு எதிரே சுவரில் ஒட்டவைத்தார். படுத்தபடியே அவற்றை வாசிப்பார், வாசித்து அழுவார். கடைசிப் பத்து நாள் போல யாரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வைத்தியர் வரும்போதும் சாப்பாடு வரும்போதும் மட்டும் கதவு திறக்கும். மற்ற நேரமெல்லாம் அவரும் அந்தச் சுவரும்தான். ஆகஸ்டு 28 அன்று இறந்தார்.

அன்புடன்.